ஏமாந்தவர் பட்டியல்

“சரி, ஏமாந்தவங்க பேரைப் படிம்மா” என்றார் வெளியூர்த் தேர்வாளர் பிரசெத்யோ. குரலில் அத்தனை குஷி.

பக்கத்தில் இருந்தவர் டாக்டர் ஹர்தோனோ. இந்தோனேசியாவில், செமாராங் பல்கலைக்கழகத்தில் பதினாறு வருடமாகக் கணினிப் பாதுகாப்புப் பாடம் நடத்துகிறவர். இன்றைய ஆய்வு வாய்மொழித் தேர்வுக்கும் அவர்தான் தலைவர்.

மாணவி விந்தார்த்தியின் ஆய்வு இதுதான்: துறையில் பத்தொன்பது பேருக்கு ஒரு போலி மெயில் அனுப்பினாள். ‘பெருநாள் போனஸ் பட்டியலில் உங்கள் பெயர் விட்டுப்போயிருக்கிறது. உடனே கடவுச்சொல்லைக் கொடுத்துச் சரிபார்க்கவும்.’ யார் யார் கொடுத்தார்கள் என்பதுதான் கணக்கு.

ஹர்தோனோ கொடுத்திருந்தார். பதில் வரவில்லையே என்று மறுபடி கொடுத்தார். மூன்றாம் முறை, பிழை வரக்கூடாதென்று ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தார்.

விந்தார்த்தி தாளிலிருந்து தலை நிமிரவில்லை.

“ஒருத்தர்தான் சார். ஆபீஸ் உதவியாளர் துகிமான்.”

பலகாரப் பெட்டிகளை மேசையில் வைத்துக்கொண்டிருந்த துகிமானின் கை அப்படியே நின்றது.

பிரசெத்யோ சிரித்துவிட்டார். “போனஸ்னதும் வாயைப் பொளந்துட்டீங்களா பெரியவரே?”

“ஆசை யாரை விட்டுது சார்” என்றார் துகிமான், தரையைப் பார்த்தபடி.

ஹர்தோனோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே குரலும் வந்தது.

“இதைத்தான் சார் நான் வகுப்புல கத்திக்கிட்டே இருக்கேன்! கோட்டைக்கு நாம ஆயிரம் பூட்டுப் போடுவோம். இந்த மாதிரி ஒரு ஆளு போய்ப் பின்கதவைத் திறந்து விட்டுடுவாரு. படிச்சவன் எவனாவது இப்படி மாட்டுவானா?”

“அதானே!” என்றார் பிரசெத்யோ. “மத்த பதினெட்டுப் பேரும் தப்பிச்சதே உங்க பயிற்சியாலதான்.”

ஹர்தோனோ அடக்கமாகத் தலையசைத்தார்.

விந்தார்த்தி முதல் வகுப்பில் தேறினாள். இரண்டு கையெழுத்தும் ஆயிற்று. பிரசெத்யோ ரயிலுக்குக் கிளம்பிப் போனார்.

அறையில் ஹர்தோனோவும் துகிமானும்தான் மிச்சம்.

“உங்க ஒருத்தரால துறைக்கே தலைகுனிவு, துகிமான். வெளியூர்க்காரன் முன்னாடி என் மானமே போச்சு. நாளைக்கே உங்க மெயிலை மூடச் சொல்லப் போறேன், தெரியுதா?”

துகிமான் காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்கினார்.

“மூடறதுக்கு எனக்கு ஏது சார் மெயிலு? இருபத்திரண்டு வருஷமா யாரும் குடுக்கவே இல்லையே. ‘பதினேழு பேரு மாட்டியிருக்காங்க, முதல் பேரே தலைவர் சாரோடது, அவர் முன்னாடியே எப்படிப் படிப்பேன்’னு அந்தப் பொண்ணு படிக்கட்டுல உக்காந்து அழுதுச்சு. என் பேரைப் போட்டுக்கம்மான்னு நான்தான் சொன்னேன்.”