தலைவர் விடைபெற்ற விதம்

தலைவர் காலை வெயிலோடு வெயிலாகத்தான் துக்கம் விசாரிக்க வந்தார். சுவரில் பதித்திருந்த கண்ணாடிக் குமிழிலிருந்து ஒளி வழிந்து, கூடத்தில் ஆளாகத் திரண்டது. போரில் பிள்ளையைப் பறிகொடுத்த எல்லா வீட்டுக்கும் அப்படி ஒரே நேரத்தில் வருவார். அதற்காகவே ஜனங்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

பாயில் கிடந்த சந்தனமாரிக்கு எல்லாம் கனவுபோல் இருந்தது. அவருக்கு நிழல் இல்லை. அவர் சட்டைக்குள் தூசு மெல்ல மிதந்தது. மூத்தவன் சுடலைக்குப் புளிக்குழம்பு பிடிக்கும் என்பதுவரை சொல்லிக் கண்கலங்கினார். அவள் நெஞ்சு இளகிவிட்டது.

பிறகு கைகூப்பி, "போயிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டுக் கரைந்துபோனார்.

துக்க வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பேசாமல் எழுந்து போவதுதான் வழக்கம். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஒருத்தருக்குமா தோன்றவில்லை?

"என்னட்டி சொல்லிட்டுப் போறாரு?" என்றார் கணவர் இசக்கிமுத்து.

"திரும்ப வருவாராம்."

இளையவள் முத்தரசியும் போர்முனையில்தான் இருந்தாள்.

சந்தனமாரி ஈரச்சேலை ஒன்றை எடுத்துக் குமிழின்மேல் போட்டாள். எதிர்வீட்டு ஜன்னல் வழியே பார்த்தால், அங்கேயும் குமிழின்மேல் ஒரு போர்வை தொங்கியது.

ஒரு மாதம் கழித்து, தலைவரின் செல்வாக்கு சரிந்ததற்கு அரிசி விலையே காரணம் என்று வானொலியில் ஒரு நிபுணர் விளக்கிக்கொண்டிருந்தார். சந்தனமாரி கேட்டுக்கொண்டே குமிழின்மேல் இன்னொரு சேலையைப் போட்டாள்.