எதிர்க்கடை வரிசை

புதன்கிழமை வந்தாலே மல்சுன்னுக்கு வயிறு எரியும்.

எதிர்க்கடை நூடுல்ஸ்காரி ஒக்புன், அன்று மதியம் துணையில்லாத முதியவர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு போடுவாள். வரிசை சந்தைத் தெருவில் நீண்டு, மல்சுன்னின் எலும்பு சூப் கடை வாசலையே மறைத்துவிடும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போன ஞாயிறு போதகர் பிரசங்கத்தின் நடுவே, "தொழிலையே ஊழியமாகச் செய்கிற சகோதரி" என்று ஒக்புன்னின் பெயரைச் சொல்லிவிட்டார். இருபது வருடமாகச் சபைச் சாப்பாட்டுக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்டுக் கொடுக்கிறாள் மல்சுன். அவள் பெயரை ஒரு நாளாவது சொல்லியிருக்கிறாரா?

எல்லாம் கடைக்கு விளம்பரம் என்று சபைப் பெண்களிடம் சொல்லிப் பார்த்தாள். ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டவர்களில் இரண்டு பேர், அடுத்த புதனே ஒக்புன் கடையில் பாத்திரம் கழுவப் போய்விட்டார்கள்.

இன்று வரிசையைப் பார்த்து மலைத்து, வந்த வாடிக்கையாளர்கள் நாலு பேர் அப்படியே திரும்பிப் போனார்கள். மல்சுன் ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டுத் தெருவைக் கடந்தாள். இன்று இரண்டில் ஒன்று.

மாவும் கையுமாக நின்ற ஒக்புன்னுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கக்கா, வாங்க" என்றவள் சாப்பிடுகிறவர்கள் பக்கம் திரும்பினாள். "நான் அடிக்கடி சொல்வேனே, அந்த அக்கா இவங்கதான்."

முதியவர்கள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து தலைகுனிந்து வணங்கினார்கள். மல்சுன்னுக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னடி சொன்னே என்னைப் பத்தி?"

"உங்களுக்கு மறந்திருக்கும். ஒன்பது வருஷம் முன்னாடி, நல்ல பனியில, முதுகுல புள்ளையக் கட்டிக்கிட்டு மோக்போ ஊர்லேருந்து பஸ்ஸுல வந்து இறங்கினேன். கையில ஒண்ணும் இல்லை. உங்க கடை வாசல்ல நின்னேன். நீங்க ஒரு வார்த்தை கேக்கலை. கிண்ணம் நிறைய சூப்பும் சோறும் கொண்டுவந்து வெச்சீங்க."

ஒக்புன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றுவரை தனக்குச் சாமி பூதம் எதிலும் நம்பிக்கை கிடையாது என்றாள். கடைக்குள் தொங்கிய சிலுவையைப் பார்த்துவிட்டுத்தான் மறுவாரம் சபைக்கே வந்தாளாம்.

"நாமளும் ஒரு கடை வெச்சா இப்படித்தான் நடத்தணும்னு அன்னிக்கே முடிவு பண்ணினேன். சொல்லணும்னு எத்தனையோ தடவை வந்தேன்க்கா. நீங்கதான் முகம் குடுக்கலை. இது நீங்க ஆரம்பிச்சது."

மல்சுன் திரும்பித் தன் கடை வாசலைப் பார்த்தாள்.

அந்தப் பனிநாள் அவளுக்கும் நன்றாகவே நினைவுக்கு வந்துவிட்டது. பானை அடிபிடித்து, தீய்ந்த வாடையில் விற்க முடியாமல், சாக்கடையில் கொட்டக் கொண்டுபோன சூப் அது.