சிவப்புப் புள்ளி

“ஒண்ணுகூட மிச்சம் வைக்காம எல்லாத்தையும் எடுத்துட்டியா?”

“என் லாகின்ல ஒண்ணுகூட இல்ல சார். வேணும்னா ஓட்டிக் காட்டுறேன்” என்றாள் புரோகிராம் எழுதும் அந்தப் பெண். ஓட்டியும் காட்டினாள், பில் போடும் புரோகிராம் எங்கேயும் முரண்டு பிடிக்காமல் ஓடி முடிந்தது. டீம் லீடருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவர் கேட்டது பிரேக்பாயின்ட்டுகளைத்தான். பிழை தேடும்போது புரோகிராம் பாதியில் நிற்கட்டும் என்று வரிக்குப் பக்கத்தில் வைக்கிற சிவப்புப் புள்ளிகள். போன முறை அவள் ஒன்றை மறந்துவிட, வாடிக்கையாளர் முன்னால் திரை அப்படியே உறைந்துபோய், இவர் அசடு வழிந்திருந்தார்.

இன்றைக்கு விஷயம் அதைவிடப் பெரிது. இந்தப் புரோகிராமை வாங்கப்போகும் மருந்து மொத்த வியாபார முதலாளியம்மா, இதை எழுதியவரையே தன் கம்பெனியின் கணினிப் பிரிவுக்குத் தலைவராக்கப் போகிறார். ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதியது அவள். ‘முழுக்க நானே எழுதினேன்’ என்று முதலாளியம்மாவுக்கு மெயில் போட்டது டீம் லீடர். அலுவலகத்தில் இவருக்கு ‘ஃபார்வர்டு’ என்று பட்டப்பெயர். அடுத்தவர் வேலையைத் தன் பெயரில் அனுப்புவதில் அவ்வளவு கில்லாடி.

“புரோகிராமோட முதல் பக்கத்துல என் பேரும் வரணும் சார்” என்றாள்.

“பேரா? டீம்னா நான், நான்னா டீம். பேசாம வந்து மூலையில உட்காரு.”

“உட்கார்றேன். ஆனா யாராவது கேட்டா பொய் சொல்ல மாட்டேன்.”

கொழுப்பைப் பார் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டார் ஃபார்வர்டு. காரியம் முடிந்ததும் முதல் வேலையாக இவள் சீட்டைக் கிழித்துவிட வேண்டியதுதான்.

மீட்டிங் அறையில் முதலாளியம்மா எதிரே தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன் லாகினில் நுழைந்து, கம்பீரமாகப் பட்டனைத் தட்டினார். பில் பாதி வந்தது. நின்றது. திரையில் ஒரு சிவப்புப் புள்ளி பல்லை இளித்தது.

ஃபார்வர்டு கீபோர்டு மேல் பாய்ந்தார். எஸ்கேப்பை அமுக்கினார், என்டரை அமுக்கினார், மவுஸை எடுத்து மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினார். புள்ளி அசையவில்லை.

“என்னாச்சு?” என்றார் முதலாளியம்மா.

“இந்தப் பொண்ணோட கவனக்குறைவு மேடம். போன தடவையும் இப்படித்தான்.” அவள் பக்கம் திரும்பி எரிந்து விழுந்தார். “அறிவிருக்கா உனக்கு? வந்து எடு!”

அவள் எழுந்தாள். கீபோர்டுப் பக்கம் வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“வர மாட்டேன் சார்.”

“வேலை போயிடும்!”

“போகட்டும்.”

முதலாளியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏன் சார், இது நீங்க எழுதினதுதானே? ஒரு புள்ளியை எடுக்க அந்தப் பொண்ணு எதுக்கு?”

“நானே எழுதினதுதான் மேடம்! இவ மறந்து விட்டதுக்கு நான் என்ன பண்றது?”

“மறக்கல சார்.” அவள் திரையில் இருந்த புள்ளியைக் காட்டினாள். “உங்க லாகின்ல ஓட்டினா மட்டும் நிக்கட்டும்னு நான்தான் வச்சேன், எழுதினவர்தானே, எடுங்க!”