அம்புக்கு ஏற்ற குச்சி

அம்புக்கான மரக் குச்சிகளைக் கண்ணாடி மேஜை மேல் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார் கணக்காளர். சத்தமில்லாமல் உருண்டவை ஒரு பக்கம், கடகடவென்று குதித்து ஓடியவை இன்னொரு பக்கம். விவரமான ஆள்தான் என்று வில் கடைக்காரருக்கு மனசு குளிர்ந்தது.

"இதைக் கட்டிக் குடுங்கண்ணே" என்று கணக்காளர் நீட்டியது கடகடத்த குச்சிகளை.

"சார், மாத்தி எடுத்துட்டீங்க. இதெல்லாம் கோணல். வடக்கே விட்டா தெற்கே போகும்!"

"போகட்டும்ணே. நாளைக்கு ஆபீஸ்ல வில்வித்தைப் போட்டி. எதிர்ல நிக்கப்போறது எங்க மேனேஜர். போன வருஷம் புத்தி கெட்டு அவரை ஜெயிச்சுத் தொலைச்சேன். வரவேண்டிய பிரமோஷன் இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. வேணும்னே தோத்தா கண்டுபிடிச்சிடுவார். பழி குச்சி மேலயே விழட்டும்."

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு கட்டிக் கொடுத்தார்.

சாயங்காலம், டை கட்டிய ஒருவர் மூச்சிரைக்க வந்து மிச்சக் குச்சிகளை உருட்டினார். எல்லாமே சத்தமில்லாமல் உருண்டன. அவர் முகம் தொங்கிப்போனது.

"என்னங்க, ஒண்ணுகூடக் கோணல் இல்லையா? நாளைக்கு எங்க கணக்காளரை ஜெயிச்சா, அடுத்து முதலாளியோட மோதணும். இந்தக் குச்சியில குறி தப்பவே தப்பாதே! என் வேலை என்ன ஆகிறது?"

"கோணலை எல்லாம் உங்க கணக்காளரே அள்ளிட்டுப் போயிட்டாரு, சார்."

மேனேஜர் பல்லை நறநறவென்று கடித்தார்.

"அவனுக்கு இந்த வருஷமும் பிரமோஷன் கிடையாது!"