தண்ணி படக் கூடாத பலகை

“எங்க அப்பா பலகை எங்கே?”

ஷீபா கேட்டதும் பிரின்சி முந்தானை நுனியை முறுக்கினார். முன்பக்கக் கண்ணாடி உடைந்து, பெட்டி காலியாகக் கிடந்தது. உள்ளே ஒரு பல்லி மட்டும் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

“பாலிஷ் போடக் குடுத்திருக்கும்மா.”

“எங்கே?”

“தேனியில.”

“அலைச்சறுக்குப் பலகைக்குப் பாலிஷ் போடத் தேனியில கடை இருக்கா, சேச்சி?”

பிரின்சிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அது நன்றாகவே தெரிந்தது.

சின்னமனூரில் ஒரு ஏலக்காய்க் கடை மாடியில் அலைச்சறுக்கு மியூசியம் இருப்பதே உலக அதிசயம். இங்கிருந்து கடலைப் பார்க்க பஸ் மாறி பஸ் மாறிப் போக வேண்டும். சுவரோடு நிற்கும் பழைய பலகைகளைப் பார்த்துவிட்டு, “இஸ்திரி போடவா?” என்று கேட்காத ஆளே ஊரில் கிடையாது. கடைக்காரர் விஜய்ராஜும் மனைவி பிரின்சியும் சளைக்காமல் விளக்குவார்கள். இதில் ஏறி நின்று அலை மேல் வருவார்கள் என்று சொன்னால், கேட்பவர்கள் விஜய்ராஜைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

வாலிபத்தில் வியாபாரத்துக்காகக் கேரளத்துக் கோவளம் போனவர் அவர். ஆசைப்பட்டுக் கடலில் இறங்க, அலை உள்ளே இழுத்துக்கொண்டது. கரையில் அலைச்சறுக்கு கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த ஷீபாவின் அப்பாதான் பலகையோடு பாய்ந்து போய், அவரை அதில் ஏற்றிக் கரை சேர்த்தார்.

அன்றிலிருந்து கிறிஸ்துமஸ் தவறாமல் ஏலக்காய்ப் பொட்டலத்தோடு அந்த வீட்டு வாசலில் நிற்பார் விஜய்ராஜ். அப்படியே பலகை விடவும் கற்றுக்கொண்டார். அங்கே குப்பைக்குப் போகவிருந்த பலகைகளைக் கேட்டு வாங்கி வந்து இங்கே மியூசியமும் வைத்தார். எல்லாம் அந்த மனுஷனுக்குச் செய்த மரியாதைதான்.

அப்பா காலமானதும், அவருடைய பலகையை ஷீபா இவரிடமே கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை.

“அப்பா நின்ன பலகை. இனிமே இதுல தண்ணி படக் கூடாது. வேற யாரும் ஏறக் கூடாது.”

விஜய்ராஜ் கண்கலங்கி வாக்குக் கொடுத்தார். அந்தப் பலகையைத்தான் இப்போது காணோம். இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் வரவில்லையே என்று ஷீபா பார்க்க வந்த இடத்தில் இப்படி.

“வித்துட்டீங்களா?”

“ஐயையோ, அப்படிச் சொல்லாதம்மா!” படியேறி வந்த விஜய்ராஜ் பதறினார். அவர் வலது கையில் கட்டுப் போட்டிருந்தது. “ஆத்தங்கரையில இருக்கு.”

“தண்ணியில இறக்கினீங்களா?”

விஜய்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்போ எங்க அப்பா பொருள் ஒண்ணுகூட இங்கே வேண்டாம். சுவர்ல இருக்கிற அவர் போட்டோ எல்லாம் எடுத்துக் கார்ல வைங்க. பலகையையும் எடுத்துக்கிட்டே போறேன்.”

விஜய்ராஜ் ஒவ்வொரு போட்டோவாகக் கழற்றி, துடைத்து, அவரே கொண்டுபோய் வைத்தார்.

படித்துறை கூப்பிடு தூரம்தான்; மூவரும் நடந்தே போனார்கள். சபரிமலைக்குப் போகிற வேன்கள் நின்றிருந்தன. கறுப்பு வேட்டிக் கூட்டம் முல்லைப் பெரியாற்றில் முங்கிக் குளித்துக்கொண்டிருந்தது. புளியமரத்தில் பலகை சாய்ந்து நின்றது. உச்சியிலிருந்து அடிவரை சந்தனம், நடுவில் குங்குமம், மேலே துளசி மாலை.

ஷீபா கோபத்தோடு அதைத் தூக்கப் போனார்.

“யாரு தாயி அது? பலகைய அங்கனயே வைங்க!” மரத்தடியில் மாலை கட்டி விற்கும் பூமாரி ஓடி வந்தாள். “அது கையெட்டுற தூரத்துலயே இருக்கணும்.”

“எதுக்கு?”

“வெளியூர்ச் சாமிக ஆழம் தெரியாம எறங்கிருவாக. மேல அணையில தண்ணி தொறந்துட்டா ஆறு இழுத்துரும்ல? போன மாசம் கார்த்திகையில ஒரு அப்பனையும் சின்ன மகளையும் ஆறு இழுத்துருச்சு. கத்துற சத்தம் கேட்டு ஏலக்காய்க் கடை அண்ணாச்சிதேன் இதத் தூக்கிட்டு ஓடியாந்து குதிச்சாக. சாவி தேட நேரமில்லாம கண்ணாடிய ஒடச்சு, கையெல்லாம் ரத்தம். ரெண்டு பேரையும் இதுல போட்டுத் தள்ளிக்கிட்டே வந்துட்டாக.”

பூமாரி மூச்சு வாங்கிக்கொண்டாள்.

“அதுக்கப்புறமும் ரெண்டு பேரக் கரை சேத்துருச்சு தாயி. சாமியக் காப்பாத்துற சாமிய நாம சும்மா விடலாமா? அதேன் சந்தனம் பூசி மாலை போட்டிருக்கேன்.”

ஷீபா மெல்லத் திரும்பினார்.

“மாடியில அத்தனை பலகை இருக்கே, சேட்டா. இதை ஏன் எடுத்தீங்க?”

“அந்த அவசரத்துல மத்தது மேல நம்பிக்கை வரலம்மா,” என்றார் விஜய்ராஜ். “என்னையக் கரை சேத்தது இதுதானே?”

பிரின்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஒங்கிட்டச் சொல்ல எங்களுக்கு மொகமில்லம்மா. அதுனாலதேன் இவுக கிறிஸ்துமஸுக்கும் வரல.”

ஷீபா பலகையைத் தடவினார். விரலெல்லாம் சந்தனம். கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். வழுக்காமல் இருக்க அப்பா கடைசியாகப் பலகைக்குத் தேய்த்த மெழுகில் மிச்சமிருந்த துண்டு. மியூசியத்தில் வைப்பதற்காகக் கொண்டு வந்தது.

“சேட்டா, உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா?”

விஜய்ராஜ் ஒரு அடி பின்வாங்கினார்.

“மெழுகு தேய்க்காம பலகையத் தண்ணியில இறக்கலாமா? அப்பா இதைத்தான் சொல்லிக்குடுத்தாரா? ஈரக்கை வழுக்கினா பிடிச்சவங்க கதி என்ன?”

சொல்லிக்கொண்டே தரையில் மண்டியிட்டு, துப்பட்டாவால் சந்தனத்தைத் துடைத்துவிட்டு, மெழுகை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார். அழுதபடியே தேய்த்தார்.

“பூமாரியக்கா, பொட்டு உச்சியில மட்டும் வைங்க. கை பிடிக்கிற இடத்துல சந்தனம் வேண்டாம், வழுக்கும்.”

மிச்ச மெழுகைப் பூமாரி கையில் கொடுத்துவிட்டு எழுந்தார்.

“போட்டோவெல்லாம் திருப்பி மாட்டிருங்க, சேச்சி. பெட்டி காலியாவே இருக்கட்டும். யாராவது கேட்டா, எங்க அப்பா ஆத்துக்கு வேலைக்குப் போயிருக்கார்னு சொல்லுங்க.”