தெரிந்தவர்கள் தேவை

நர்சிங் இறுதியாண்டு மாணவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த மாதம் படிப்பு முடிகிறது. வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம், "இங்க யாரைத் தெரியும்?" என்றே கேட்டார்கள். அதனால் இந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் நான்கு நாட்களாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். எக்ஸ்ரே அறைக்காரர், மருந்துக்கடை அக்கா, லிஃப்ட்காரர் என்று பதினேழு பேரின் நம்பர் சேர்ந்துவிட்டது.

வார்டு சிஸ்டரின் மேஜை முன் வந்து நின்றான். "அக்கா, சூப்பரிண்டெண்ட் மேடம் வந்துட்டாங்களா?"

"காலையிலிருந்து அஞ்சாவது தடவை கேக்கறே. லீவு. திங்கட்கிழமைதான் வருவாங்க."

"வேலை போடறது அவங்கதானே? ஒரே ஒரு அறிமுகம் பண்ணி வைங்கக்கா."

"முதல்ல என்னை ஊசி போட விடு. லிஃப்ட்காரர்கிட்டகூட பயோடேட்டா குடுத்தியாமே?"

"மேல இருக்கறவங்களை எல்லாம் தினமும் பாக்கறது அவர்தானேக்கா."

அப்போது டாக்டர் உள்ளே வந்தார். மாணவனைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் முடிஞ்சு ஆறு நாள்தான் ஆகுது. உன் கட்டில்ல ஒரு தடவையாவது உன்னைப் பாத்திருக்கேனா? இவ்வளவு நடக்கறவனுக்குப் படுக்கை எதுக்கு? இன்னைக்கே வீட்டுக்குக் கிளம்பு."

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "இன்னும் வலிக்குது சார். திங்கட்கிழமை வரைக்கும் வலிக்கும் போல இருக்கு."

டாக்டர் போனதும் சிஸ்டர் டிஸ்சார்ஜ் சீட்டை நீட்டினார்.

"பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு, வயித்துல தலையணையை அணைச்சுக்கிட்டு வலிக்காம இருமக் கத்துக்குடுத்தியே, பாத்தேன். திங்கட்கிழமை தையல் பிரிக்க வா. நானே மேடம்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

வலி உடனே நின்றுவிட்டது.