ஐஸ் பெட்டியில் இரத்தம்

மூடியைத் திறந்த லாப் பிள்ளை, இரத்தப் பரிசோதனைக்கு வாங்கி வைக்கிற கௌசலா, ஒரு அடி பின்வாங்கினாள்.

பெட்டிக்குள் ஐஸ். ஐஸின் மேல் இறால்.

“அண்ணை, இறாலுக்கு நாங்கள் ரத்தம் பாக்கிறேல்லை.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெட்டியைக் கொண்டுவந்த மெல்ரொன் இறாலைக் கையால் விலக்கி அடிவரை பார்த்தான்.

பெட்டிக்குள் இருந்திருக்க வேண்டியது அவன் மனைவி நிறஞ்சனாவின் இரத்தம்.

அவளுக்கு ஏழாம் மாதம். முல்லைத்தீவில், வார்ட்டில் படுத்திருக்கிறாள். பிரஷர் இறங்குவதாக இல்லை. இரத்தத்தில் இரண்டு புரதங்களை அளந்து பார்க்க வேண்டும் என்றார் டொக்டர். அவற்றின் அளவு குழம்பியிருந்தால் பிள்ளையை இப்போதே வெளியே எடுக்க வேண்டி வரலாம். இல்லாவிட்டால் பொறுக்கலாம்.

அந்த ரெஸ்ற் செய்கிற லாப் வவுனியாவில்தான். இரத்தக் குழாயை றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டியில் ஐஸ் போட்டு அவனிடமே கொடுத்துவிட்டார்கள்.

மெல்ரொன் கடற்றொழிலாளி. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போகிற பழக்கம் அவன் பரம்பரைக்கே இல்லை. பஸ்ஸில் ஏறியதும் கை தன்பாட்டில் அதைச் சந்தைக்குப் போகிற மீன் பெட்டிகளோடு அடுக்கிவிட்டது.

இறங்கும்போது ஒன்றைத் தூக்கினான். எல்லாமே வெள்ளை.

போன் அடித்தது. நிறஞ்சனா.

“என்னப்பா, குடுத்திட்டீங்களே?”

உண்மையைச் சொன்னால் பிரஷர் எங்கே போய் நிற்குமோ!

“ஓமோம், குடுத்திட்டன். நீ பேசாமல் படு.”

“சரி. லாப்பிலயே நில்லுங்கோ. ஒரு இடமும் ஓடாதேங்கோ.”

ஓடத்தான் திரும்பினான். எந்தப் பக்கம் ஓடுவது? மீன் சந்தைக்கா, பஸ் நிலையத்துக்கா?

வாசலில் ஓட்டோ ஒன்று கிரீச்சிட்டு நின்றது. இறங்கியவள் ஒரு மீன் வியாபாரி. பெயர் நேசமலர் என்பது பிறகுதான் தெரிந்தது. கைக்குழந்தையைப் போல ஒரு வெள்ளைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

“இந்தா தம்பி, உன்ர மனிசியின்ர ரத்தம். எங்க என்ர இறால்?”

கௌசலா குழாயைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. உள்ளே ஓடினாள்.

மதியம் முடிவு வந்தது. இரண்டு புரதங்களும் பயப்படும் அளவில் இல்லை. இப்போதைக்குப் பிள்ளை உள்ளேயே வளரட்டும் என்று டொக்டர் போனிலேயே சொல்லிவிட்டார்.

மெல்ரொன் சுவரோடு சாய்ந்து அப்படியே குந்திவிட்டான். கண்ணைத் துடைத்த பிறகுதான் மூளை வேலை செய்தது.

நேசமலர் இன்னும் போகவில்லை. முடிவு தெரியாமல் யாவாரம் ஓடாது என்று அங்கேயே நின்றுவிட்டாள்.

“அக்கா, நான் இங்க நிக்கிறது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“குழாயில பேருக்குக் கீழ போன் நம்பர் கிடந்தது. அடிச்சன். உன்ர மனிசிதான் எடுத்தவா.”

“எப்ப?”

“சந்தையில நான் மூடியைத் திறந்த உடனேயே, நீ இங்க திறக்க முதலே. லாப்புக்கு வழி சொன்னதே அவாதான். தனக்குத் தெரியுமெண்டு உன்னட்டச் சொல்லவேண்டாமாம். மனிசன் சரியான பயந்த ஆளாம், அவருக்குப் பிரஷர் ஏறிப்போடுமாம்.”